ஹேண்டிகேப் (டென்பின் பௌலிங்)

இக்கட்டுரை டென்பின் பௌலிங் விளையாட்டைப் பற்றியது. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் பௌலர் என்றால் கிரிக்கெட் பந்துவீச்சாளரையே குறிக்கும். கிரிக்கெட்டில் பந்துவீச்சுச் சராசரி குறைவாக இருப்பதே சிறப்பு. டென்பின் பௌலிங்கில் சராசரி மிகுதியாக இருப்பதே சிறப்பு.

ஹேண்டிகேப் என்பது திறன் வேறுபட்ட ஆட்டக்காரர்கள் ஒரே லீக்கில் சமநிலையில் போட்டியிடும் பொருட்டு, ஒருவர் எடுத்த புள்ளிகளுடன் சேர்க்கப்படும் ஈட்டுப்புள்ளி ஆகும். ஈட்டுப்புள்ளி சேர்க்காத மதிப்பெண் ஸ்கிராட்ச் எனப்படும்.

அடிப்படை

பந்தை உருட்டி, முக்கோண வடிவில் நிறுத்தப்பட்ட 10 பின்களை வீழ்த்துவதே இவ்விளையாட்டு. ஓர் ஆட்டத்தில் 10 ஃபிரேம்கள் உண்டு. பெறக்கூடிய உயர்ந்த அளவு 300 புள்ளிகள். ஒருவர் எடுத்த மொத்தப் புள்ளிகளை ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அவரது சராசரி கிடைக்கும், பின்னம் விடப்படும்.

கணக்கிடும் முறை

லீக் ஓர் அடிப்படை அளவையும் ஒரு விழுக்காட்டையும் முன்கூட்டியே முடிவு செய்கிறது. அடிப்படை அளவிலிருந்து சராசரியைக் கழித்து, வரும் எண்ணில் அந்த விழுக்காட்டை எடுத்தால் ஹேண்டிகேப் கிடைக்கும். சராசரி அடிப்படை அளவைத் தாண்டினால் பொதுவாக ஹேண்டிகேப் சுழியாகும்.

எடுத்துக்காட்டாக, சென்னையில் பணிபுரியும் கடலூர்க்காரர் ஒருவரின் சராசரி 180 எனவும், சிதம்பரத்துக்காரர் ஒருவரின் சராசரி 130 எனவும் கொள்வோம். அடிப்படை அளவு 220, விழுக்காடு 90.

கடலூர்க்காரர்: 220 − 180 = 40; ஹேண்டிகேப் 36
சிதம்பரத்துக்காரர்: 220 − 130 = 90; ஹேண்டிகேப் 81

இருவரும் தத்தம் சராசரி அளவே ஆடினால் முன்னவர் 216, பின்னவர் 211 பெறுவர். 50 புள்ளி இடைவெளி 5 ஆகச் சுருங்குகிறது. விழுக்காடு 80 எனில் இடைவெளி 10. 100 எனில் இடைவெளி இல்லை. எனவே 100க்குக் குறைந்த விழுக்காடு, திறன் மிக்கவருக்குச் சிறு சாதகத்தை விட்டுவைக்கிறது.

தனிநபர் ஒப்பீடு

ஹேண்டிகேப் சேர்த்த தரவரிசை, யார் சிறந்த ஆட்டக்காரர் என்பதைக் காட்டுவதில்லை. யார் தமது சராசரியை மிஞ்சினார் என்பதையே காட்டுகிறது. மேற்கண்ட சிதம்பரத்துக்காரர் ஒருநாள் 165 எடுத்தால், 81 சேர்த்து 246 பெறுவார். கடலூர்க்காரர் அதே 246ஐ எட்ட 210 எடுக்க வேண்டும்.

பருவத்தின் நடுவில் முன்னேறுபவருக்கு இது மேலும் உதவுகிறது. சராசரி முந்தைய ஆட்டங்களையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், 130இலிருந்து 150க்கு உயர்ந்தவரின் ஹேண்டிகேப் உடனே குறைவதில்லை; முதல் நாள் அவர் 150 + 81 = 231 பெறுவார். ஆட்டம் தளர்ந்தவருக்கு இதன் எதிர்மாறு நிகழும். இக்காரணத்தால் தனிநபர் பரிசுகளைப் பல லீக்குகள் ஸ்கிராட்ச் சராசரி, ஹேண்டிகேப் மதிப்பெண், அதிக முன்னேற்றம் எனத் தனித்தனியே வழங்குகின்றன.

முறைகேடு

ஹேண்டிகேப்பைக் கூட்டும் நோக்கில் வேண்டுமென்றே குறைவாக ஆடிச் சராசரியைத் தாழ்த்துவது சாண்ட்பேக்கிங் எனப்படும். இது விதிமீறல் ஆகும். புதியவரின் சராசரி மிகச் சில ஆட்டங்களைக் கொண்டே அமைவதால், தொடக்க வாரங்களில் ஒப்பீடு நம்பகமற்றது. இதைத் தவிர்க்க, முந்தைய பருவத்தின் சராசரியைக் கொண்டு தொடங்குவதும் உண்டு.

உயர்நிலைப் போட்டிகள்

அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 1895இல் தொடங்கப்பட்டது. பிற அமைப்புகளுடன் இணைந்து 2005இல் ஐக்கிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் ஆனது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இவ்விளையாட்டு முதன்முறையாக 1978இல் பாங்காக்கில் இடம்பெற்றது. 1998 கோலாலம்பூர் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளிலும் இடம்பெற்றது. இத்தகைய பதக்கப் போட்டிகளில் ஸ்கிராட்ச் மதிப்பெண்ணே கொள்ளப்படும். இந்திய தேசிய வாகையர் பட்டத்தைப் பலமுறை வென்ற ஷபீர் தன்கோட் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்.