மணமில்லா வாயுவும் மன்னார்க் காற்றும்

தள்ளாடியிலிருந்து தாம்போதியைக் கடந்து மன்னார்த் தீவினுள் நுழையும் வாகனத்தை முதலில் எதிர்கொள்வது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் அக்காற்று கடலின் உப்பையும் கரையின் மணலையும் சுமந்து வருகின்றது. காரின் முன்புறத்தில், காற்றுக்கு நேர்முகமாக அமைந்திருப்பது குளிரூட்டியின் கண்டென்சர் என்னும் உறுப்பு. அதன் மெல்லிய அலுமினியக் குழாய்களில் உப்புப் படிந்து, நாளடைவில் அரித்து, ஊசிமுனை அளவில் துளை விழுகின்றது, குளிர் குறைகின்றது. உள்ளிருந்த வாயு போன வழி கண்ணுக்குப் புலனாவதில்லை, மூக்குக்கும் எட்டுவதில்லை. அவ்வழியைக் கண்டறிய மனிதன் கையாண்ட முறைகளுக்கு ஒரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் குளிரூட்டும் பொறிகள் தோன்றியபோது, அமோனியாவும் கந்தகவீரொட்சைட்டும் அவற்றிற் பயன்பட்டன. இரண்டும் நச்சுத்தன்மை உடையவை; எனினும் சிறிது கசிந்தாலும் கடுமையான நெடியால் தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். அமோனியா கசியும் மூட்டைத் தேடுவோர் கந்தகக் குச்சியைக் கொளுத்தி அருகே பிடிப்பர். கசிவு உள்ள இடத்தில் வெண்புகை எழும். ஆயின் மெதைல் குளோரைட்டு என்னும் வாயுவோ அத்தகைய நெடி இல்லாதது. 1920களில் அமெரிக்காவில் அது வீடுகளிற் கசிந்து உயிர்களைக் குடித்தது. தீங்கற்ற வாயு ஒன்று வேண்டும் என்ற வேட்கை அதனாற் பெருகிற்று.

அவ்வேட்கையை நிறைவேற்றியவர் தோமஸ் மிட்ஜ்லி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அவரும் உடனுழைத்தோரும் 1928ஆம் ஆண்டில் குளோரீனும் புளோரீனும் காபனும் சேர்ந்த வாயுவைத் தெரிந்தெடுத்தனர். 1930இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, மெழுகுவர்த்திச் சுடர்மீது ஊதி அதனை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீப்பற்றலும் இல்லை என்பது அதனால் விளங்கிற்று. பிரியோன் எனப் பெயர்பெற்ற அவ்வகை வாயு வீடுகளிற் புகுந்தது. 1939இல் பக்கார்ட் நிறுவனம் குளிரூட்டி பொருத்திய காரை அறிமுகஞ் செய்தபின் வாகனங்களிலும் பரவியது.

புதிய வாயுவுக்கு மணம் இல்லாமையால், அது கசிவதை அறியத் தனிக் கருவி தேவைப்பட்டது. சுடர்விளக்கு ஒன்றில் செப்புத் தகட்டைச் சூடாக்கி, அதனுடன் இணைந்த இறப்பர்க் குழாயை மூட்டுகளின் ஓரமாக நகர்த்துவர். குழாய் இழுக்கும் காற்றிற் குளோரீன் கலந்த வாயு இருந்தால், சுடர் பச்சையாக மாறும். பல்லாண்டுகள் தொழிலாளர் அப்பச்சைச் சுடரையே நம்பினர்.

ஆனால் அக்குளோரீனிலேயே கேடு ஒளிந்திருந்தது. மரியோ மொலினாவும் ஷேர்வுட் றோலண்டும் 1974இல், இவ்வாயுக்கள் வானின் மேலடுக்கை அடைந்து சிதைந்து, அவற்றின் குளோரீன் ஓசோன் படையை அழிக்கும் என எடுத்துக் காட்டினர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் பெரிதும் குன்றியிருப்பது வெளிப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது; 1989 டிசெம்பரில் இலங்கையும் அதிற் சேர்ந்தது. கார்களில் குளோரீன் இல்லாத ஆர் 134ஏ வாயு இடம்பிடித்தது. பழைய சுடர்விளக்கு அதன்முன் குருடாயிற்று. ஏனெனில் சுடரைப் பச்சையாக்கக் குளோரீன் இல்லை.

ஆகவே தேடும் முறையும் மாறியது. தேர்ந்த தொழிலாளி முதலிற் கண்ணையே நம்புவான். வாயுவோடு எண்ணெயும் வெளியேறுவதால், மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் இருப்பின் அவ்விடம் ஐயத்துக்குரியது. பின்னர்ச் சவர்க்கார நீரைப் பூசிக் குமிழி எழுகின்றதா எனப் பார்ப்பான். சைக்கிள் திருத்துவோர் தியூப்பை நீரில் அமிழ்த்திப் பார்ப்பதும் இதே உபாயந்தான். வாயு காற்றினும் கனமானது. ஆதலின் மின்னணுக் கருவியின் முனையைக் குழாயின் அடிப்புறமாகவே நகர்த்த வேண்டும். ஒளிரும் சாயத்தைச் செலுத்தி ஊதாக்கதிர் விளக்கிற் காண்பதும் உண்டு. வாயு முற்றும் போய்விட்டால், உலர்ந்த நைதரசனை அழுத்தத்தில் நிரப்பி, அழுத்தமானி இறங்குகின்றதா என்று காத்திருந்து காண்பர்.

இத்தனையும் செய்யப் பொழுது செல்லும். அதனால் துளையைத் தேடாது வாயுவை மட்டும் நிரப்பி அனுப்பும் வழக்கம் எளிதில் வேரூன்றுகின்றது. அது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். நீராவது நிலத்தைச் சேரும். இவ்வாயுவோ வானைச் சேர்கின்றது. ஓசோனைக் கெடுக்காவிடினும், புவியைச் சூடாக்குவதில் ஆர் 134ஏ, அதே நிறையுடைய காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 1,400 மடங்கு வலியது. இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016இல் எழுந்த கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018இல் ஏற்றுக்கொண்டது.

நெடியுள்ள வாயுவின் தீமையை மனிதன் உடனே உணர்ந்தான். நெடியற்றதன் தீமையை உணர அரை நூற்றாண்டு சென்றது. மன்னாரின் காற்று உப்பைச் சுமப்பதை எவராலும் நிறுத்த இயலாது. கண்டென்சரை நன்னீராற் கழுவுவதும், துளையைக் கண்டு அடைத்த பின்னரே வாயுவை நிரப்புவதும் மனிதன் கையில் உள்ளன. கடலோடு வாழும் தாழ்ந்த தீவொன்றுக்கு, சூடேறும் உலகில் உயரும் கடல்மட்டம் தொலைவிலுள்ள செய்தியன்று.