எட்டயபுரத்துக் கைதியும் நீதியின் காலக்கெடுவும்

சட்டவிரோதக் காவலில் சிக்கியவரைத் தன் முன்னிலைக்குக் கொணரச் செய்யும் அதிகாரத்தை 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491ஆம் பிரிவு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அளித்திருந்தபோதிலும், அது பட்டணத்து எல்லையோடு நின்றமையால், திருநெல்வேலிச் சீமையின் எட்டயபுரம் ஜமீனில் வாழ்ந்த குடியானவனுக்கு 1923ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை அந்தப் பிரிவு துணைசெய்யவில்லை. அவனுக்கு எஞ்சியது மேல்முறையீடே. அதற்கும் 1908ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் உயர்நீதிமன்றத்துக்கு 60 நாட்களையும், செஷன்ஸ் கோர்ட்டின் மரண தண்டனைக்கு வெறும் 7 நாட்களையுமே விதித்தது; கொடிய குறுக்கம் அது! எனினும் தீர்ப்பின் நகல் பெறச் செல்லும் நாட்களைக் கணக்கினின்று விலக்கிய 12ஆம் பிரிவில் தர்மம் இருந்தது.

மேல்முறையீட்டுக்கு மட்டுமன்றி ஆட்கொணர்வு மனுவுக்கே கெடு விதிக்கும் நாடும் உண்டு. அமெரிக்காவில், மாநிலத் தண்டனை பெற்றவர் மத்திய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்ய 1996ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக ஓராண்டே தருகிறது. தண்டனையை எதிர்த்து மாநில நீதிமன்றத்தில் முறைப்படி தாக்கலான மறுபரிசீலனை மனு நிலுவையிலிருக்கும் காலம் அதில் சேராது. முறைதவறிய மனுவோ கெடுவை நிறுத்தாது. சுதந்திரத்தை நாட்கணக்கால் அளப்பது எனக்கு உவப்பன்று. நம் அரசியல் சாசனத்தின் 226ஆம் விதி ஆட்கொணர்வு மனுவுக்குக் காலக்கெடு எதையும் விதிக்கவில்லை.