நிரந்தர மக்கள் நீதிமன்றம்

பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் தொடர்பான வழக்குகளை நீதிமன்றத்துக்குப் போகுமுன்பே தீர்த்துவைக்க இந்தியாவில் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் 2002இல் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்கீழ் இது இயங்குகிறது. போக்குவரத்து, அஞ்சல், தொலைபேசி, மின்சாரம், குடிநீர், துப்புரவு, மருத்துவமனை, காப்பீடு ஆகியவை இதன் வரம்பில் அடங்கும். மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவரோ இருந்தவரோ தலைவர். இத்தகைய சேவைகளில் அனுபவமுள்ள இருவர் உறுப்பினர்கள்.

சாதாரண மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசம் கூடாவிட்டால் வழக்கு வந்த வழியே திரும்பிவிடும். இங்கே அப்படியில்லை. முதலில் இரு தரப்பையும் அமர்த்திப் பேசி, சமரச நிபந்தனைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். உடன்பாடு எட்டாவிட்டால் அமர்வே வழக்கின் தகுதியைப் பார்த்துத் தீர்ப்பளிக்கலாம். மின்வாரியத்தையோ காப்பீட்டு நிறுவனத்தையோ தனியாளாக எதிர்கொள்ளும் ஒருவருக்கு இந்த அதிகாரமே உண்மையான பலம். எதிர்த்தரப்பு வராமல் இருந்தாலும் சமரசப் படியைத் தாண்டிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது, உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு மட்டுமே வழி. சமரசத்துக்கு உட்படாத குற்றங்களை இது விசாரிக்காது.