தாழ்ந்த சுருதியின் கம்பீரம்

ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முந்தின நாள், சிதம்பரத்தில் மூலமூர்த்தியாகிய நடராஜப் பெருமானே சிவகாமசுந்தரியோடு வெளிவந்து தேரேறும்போது, வடம் பிடிப்போர் ஆரவாரத்தையும் தவிலின் அதிர்வையும் மீறி, கீழவீதிக் கோடியில் நிற்பவன் செவியிலும் மல்லாரி விழ வேண்டுமானால், வாத்தியம் உரக்கப் பேசியே தீர வேண்டும். அந்த நிர்ப்பந்தத்தாலேயே நம் முன்னோர் திமிரி நாகசுரத்தை நெடுங்காலம் கைக்கொண்டிருந்தனர். குட்டையான குழல், உச்சத்தில் நிற்கும் சுருதி. வீதிக்கு அது போதும். ஆனால் சுத்த மத்தியமம் என்னும் சுரம் அதில் எளிதில் பேசாது. வித்துவான் மூச்சைத் தளர்த்தி, விரலை நெகிழ்த்தித்தான் அதை வரவழைக்க வேண்டும்.

சுத்த மத்தியமம் வழுவினால் தோடி ராகம் ஏது? கொள்ளிடத்திற்குத் தெற்கே திருவாவடுதுறையில் வாழ்ந்த டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), தோடியையே தம் உயிராகக் கொண்டவராதலால், இரண்டு கட்டைச் சுருதியளவுக்குத் தாழ்ந்த நீண்ட பாரி நாகசுரத்தை மேற்கொண்டார். அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையின் ரங்கநாத ஆசாரி, முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து, துளைகளின் இடத்தை நுட்பமாக மாற்றி, அந்த மத்தியமம் பிசகாமல் ஒலிக்கும் பாரியைச் செய்தளித்தார்.

மேனாட்டுக் கச்சேரிகளில் தாழ்ந்த நாதத்தைத் தருகிறவன் பெரும்பாலும் பிறருக்கு அடித்தளமாகப் பின்னே நிற்பான். இங்கோ தாழ்ந்த நாதமே தலைமை ஏற்றது. எனினும் குழலை நீட்டியதொன்றே ராஜரத்தினம் பிள்ளையின் பெருமைக்குக் காரணம் என்பது பேதைமை. பாரியைப் பின்னர் எல்லோரும்தான் வாங்கினார்கள்! வாய்ப்பாட்டில் தேர்ந்த அவர், பாடகன் ஒரு சுரத்தில் நின்று, அதை அசைத்து, அடுத்ததை எட்டிப் பார்த்துத் திரும்பும் அந்த நிதானத்தைச் சீவாளிக்குள் கொண்டுவந்தார். திமிரியின் உச்சத்தில் மூச்சு விரைவில் தளரும். பாரியிலோ காந்தாரத்தின் கமகத்தைத் துடிக்கவிட்டு நெடுநேரம் அங்கேயே சஞ்சரிக்கலாம். சுருதிக்காக ஓயாது ஊதும் ஒத்துக்காரருக்குப் பதிலாக அவர் வேறு சுருதித் துணையை வைத்துக்கொண்டதும் இந்த நுட்பம் கேட்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய உடையையும் பிடிவாதங்களையும் பற்றிப் பேசுவோர், இந்தக் காதின் கூர்மையை மறந்துவிடுகிறார்கள்.

இன்று திமிரியைக் காண்பதே அரிது. கடலூரிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் ஆனித் தேருக்குச் சிதம்பரம் போகிறவர்கள், வடத்தைத் தொட்டவுடன் திரும்பிவிடாமல், நாகசுரக்காரர் அருகே கால் நாழிகை நின்று கேளுங்கள்.