கல்லில்லாப் பித்தப்பை அழற்சி

பித்தக்கல் எதுவும் இல்லாமலே பித்தப்பை வீங்கிப் புண்ணாகும் நோய். திடீரென வரும் பித்தப்பை அழற்சிகளில் சுமார் 5 முதல் 10 விழுக்காடு இவ்வகை. எண்ணிக்கையில் குறைவென்றாலும் கல்லால் வரும் அழற்சியைவிட உயிருக்கு ஆபத்தானது. 1844இல் டங்கன் என்ற மருத்துவர் இதை முதலில் பதிவுசெய்தார்.

வேறொரு கடும் நோய்க்காகப் படுக்கையில் கிடப்பவரையே இது பெரும்பாலும் பிடிக்கிறது. பெரிய தீக்காயம், விபத்து, இதய அறுவை, இரத்தத்தில் பரவிய தொற்று, செயற்கைச் சுவாசம் ஆகியவை முதன்மையான அபாயக் காரணிகள். வாய்வழி உணவின்றி நாள்கணக்கில் சிரைவழி ஊட்டத்திலேயே இருந்தால் பித்தப்பை சுருங்காது. பித்தம் தேங்கிக் குழம்பாகும். மார்ஃபின் போன்ற வலிநீக்கிகள் பித்தம் வடியும் வாயை இறுக்குகின்றன. இரத்த அழுத்தம் சரிந்தால் பித்தப்பைச் சுவருக்கு இரத்தம் போதாமல் போகிறது. ஏனெனில் பித்தப்பைத் தமனிக்கு மாற்று வழிகள் அரிது. நீரிழிவும் எச்ஐவியும் இந்த அபாயத்தைக் கூட்டும். குழந்தைகளுக்கு டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ போன்ற தொற்றுகளின்போதும் வரலாம்.

சிக்கல்கள் விரைந்து வருகின்றன. ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சுவர் அழுகிவிடுகிறது. சிலருக்குப் பை ஓட்டையாகிப் பித்தம் வயிற்றுக்குள் கொட்டும். சீழ் கோத்தல், கல்லீரலையொட்டிய கட்டி, இரத்தத் தொற்று ஆகியவையும் உண்டு. இறப்பு விகிதம் சுமார் 30 விழுக்காடு என்பர். மயக்கத்தில் இருப்பவர் வலியைச் சொல்ல முடியாததே நோயைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதத்துக்குப் பெரிய காரணம். காரணம் தெரியாத காய்ச்சல் ஐசியுவில் நீடித்தால் வயிற்றை ஸ்கேன் செய்துவிடுவது நல்லது. அறுவையைத் தாங்காதவருக்குத் தோல்வழியே குழாய் செருகிப் பித்தத்தை வடிப்பார்கள்.

 புனேயை அடுத்த பிம்ப்ரி போன்ற இடங்களில் மழைக்காலத்திலும் அதையொட்டியும் டெங்கு தலைதூக்கும். அப்போது மேற்சொன்னதற்கு நேர்மாறாக, அறுவைக்கு அவசரப்படாத எச்சரிக்கை தேவை. டெங்குவில் இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிவதால் பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டித் தடிக்கும். வலது விலாவின் கீழ் வலிக்கும். ஸ்கேன் அறிக்கையை மட்டும் பார்த்தால் அறுவை அவசியம் என்றே தோன்றும். ஆனால் டெங்குவால் தட்டணுக்கள் குறைந்தவரை அறுப்பது பெரும் இரத்தப்போக்கில் முடியலாம். அழுகலோ ஓட்டையோ இல்லாத டெங்கு நோயாளிக்கு நீர்ச்சத்தைக் கவனித்துக் காத்திருப்பதே முறை. காய்ச்சல் தணிந்து கசிவு நின்றதும் சுவர் பெரும்பாலும் தானாகவே பழைய அளவுக்கு வந்துவிடும்.