காதுக்குள்ள போன தாளம்

இணுவில், உடுவில் பக்கக் கோயில் திருவிழாக்களில் எல்லாருக்கும் தெரிஞ்ச, ஆனால் ஒருத்தரும் பெயர் கேட்காத ஒரு ஆள் இருப்பார். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வேர்த்து ஒழுக வாசிக்க, அவர் ஒரு ஓரத்தில் நிண்டு கைத்தாளத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். கைதட்டு அவருக்கு விழாது. அவர் பிசகினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பினம். கிளிக் ட்ராக்கின் வரலாற்றை எழுதுவதென்றால் நாங்கள் அவரிலயிருந்துதான் தொடங்குவம்.

இணுவிலில் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) காலப்பிரமாணத்துக்குள்ள எவ்வளவு தூரம் ஓடினார் எண்டு இண்டைக்கும் கதைப்பினம். அவரைப் பற்றி அம்ஷன் குமார் ஒரு ஆவணப்படமே எடுத்தார். அப்படி ஓடுறவர் திரும்பி வந்து விழ ஒரு இடம் வேணும். அந்த இடத்தைத் தாளக்காரர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பிடிச்சு வைச்சிருந்தார். மருதனார்மடத்தில 1960இல் தொடங்கி, 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்த இராமநாதன் நுண்கலைக் கழகப் பக்கம் ஒரு கச்சேரிக்குப் போனாலும் இதுதான். பாடகரின் கை தொடையில தாளம் போடும், முன்வரிசையில இருக்கிறவரின் கையும் கூடவே போடும். தாளம் ஒளிவு மறைவில்லாத பொதுச்சொத்தாக இருந்தது.

அது தனியாள் காதுக்குள்ள போனது சினிமாவால. மெட்ரோனோம் பழசுதான். மெல்சல் அதுக்குக் காப்புரிமை வாங்கினது 1815இல், உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்கள் பாடசாலை தொடங்க ஒன்பது வருசத்துக்கு முன்னம். ஆனால் அது எல்லாருக்கும் கேட்கிற சத்தம். 1920களின் கடைசியில் டிஸ்னியின் கார்ட்டூன் படங்களுக்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங் போன்றவர்களுக்கு வேற பிரச்சினை. எலும்புக்கூடு கால் வைக்கிற அதே கணத்தில மேளம் விழ வேணும், தாளச்சத்தம் மட்டும் மைக்கில ஏறக்கூடாது. அதனால வாத்தியக்காரர் காதில ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். பிறகு பிலிம் விளிம்பில ஓட்டை போட்டே 'டிக்' சத்தம் உண்டாக்கினார்கள். செக்கனுக்கு 24 சட்டகம் ஓடும். 12 சட்டகத்துக்கு ஒரு ஓட்டை எண்டால் அரைச் செக்கனுக்கு ஒரு டிக், நிமிசத்துக்கு 120. கணக்கு அவ்வளவுதான்.

மேடைக்கு அது வர இன்னும் காலம் எடுத்தது. 1965இல் நியூயோர்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000க்கு மேல சனம். கத்தின சத்தத்தில தாங்கள் வாசிக்கிறதே தங்களுக்குக் கேட்கேல்லை. அப்ப மேடை மொனிட்டர் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. 1971 அளவில் 'த ஹூ' குழு சிந்தசைசர் ஒலிநாடாவோட சேர்ந்து மேடையில வாசிக்கத் தொடங்க, ட்ரம்மர் கெய்த் மூன் ஹெட்போன் போட்டார். நாடா மனிசருக்காகக் காத்திருக்காது, மனிசர்தான் நாடாவுக்குப் பின்னால ஓட வேணும். எங்கட பார்வையில உண்மையான மாற்றம் அந்த இடத்திலதான். காதுக்குள்ள செருகுற சின்ன மொனிட்டர் 80களில் வரத் தொடங்கி, 1995 அளவில் வான் ஹேலன் குழுவின் ஒலிப்பொறியியலாளர் ஜெரி ஹார்வி அந்தக் குழுவின் ட்ரம்மருக்காகச் செய்ததிலயிருந்து பரவினது.

எங்கட பக்கம் கதை வேற மாதிரி. கண்ணன் கோஷ்டி போன்ற இசைக்குழுக்கள் கோயில் வீதிகளில் விடியவிடிய வாசித்த காலத்தில, ஆளையாள் பார்த்துத்தான் வாசிப்பு. பிறகு 1990இல் போர் திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்குக் கரண்ட் நிண்டது. பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைச் சுத்தித்தான் றேடியோவும் கசற்றும் கேட்டார்கள். மிதிக்கிற கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும். 1992இல் வந்த 'ரோஜா' பாட்டுகளையும் கனபேர் அப்படித்தான் கேட்டிருப்பினம். ரஹ்மானின் அந்தப் பாட்டுகள் கணினித் தாளத்துக்கு மேல அடுக்கு அடுக்காகக் கட்டினவை. அரைச் செக்கன் கூட அசையாத பாட்டை ஆடி ஆடி ஓடுற டைனமோவில கேட்ட தலைமுறை, உலகத்தில வேறெங்கயும் இருந்திருக்குமோ தெரியாது.

அந்தப் பாட்டுகளை மேடையில வாசிக்கிறதுதான் சிக்கல். ஐந்தாறு பேர் சேர்ந்தால் அவ்வளவு ஒலியும் வராது. அதனால ஒக்டபாட் வந்தது, கீபோட்டுக்குள்ள இருக்கிற ரிதம் வந்தது. கடைசியில லப்டொப்.

லப்டொப்போட கிளிக்கும் வர, மிக்ஸருக்கு முன்னால இருக்கிறவரின் வேலையே மாறிப்போச்சு. வசதி குறைஞ்ச குழுக்கள் செய்யிற வழி இது: லப்டொப்பின் இடப்பக்க ஒலியில கிளிக், வலப்பக்கத்தில ட்ராக். இரண்டும் மிக்ஸரில தனித்தனிச் சனலுக்குப் போகும். கிளிக் சனலின் பேடரை முழுக்க இறக்கிவிட்டு, ஒக்ஸ் வழியால மட்டும் ட்ரம்மரின் காதுக்கு அனுப்புவினம். அந்த ஒக்ஸ் பேடருக்கு முன்னாலயே எடுக்கிறதாக இருக்க வேணும், இல்லாட்டி பேடரை இறக்க கிளிக்கும் செத்துப்போகும். கை தவறிப் பேடர் ஏறினால் 'டக் டக்' எண்டு ஊருக்கே கேட்கும். இருந்து வாசிக்கிறவருக்கு வயர்லெஸ் தேவையில்லை, ஹெட்போன் அம்பும் நீள வயரும் காணும்.

காதுக்குள்ள மாட்டுறது வெறும் ஸ்டைல் இல்லை. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகும். 17 மீற்றருக்கு அப்பால ஒரு மண்டபச் சுவர் இருந்தால், உங்கட சத்தம் அதில பட்டுத் திரும்பிவரச் செக்கனில பத்தில் ஒரு பங்கு. அதைக் கேட்டு வாசித்தால் பாட்டு இழுபடாமல் என்ன செய்யும்? செவிக்கும் நல்லது, ஒழுங்காக அடைச்சிருந்தால். ஒரு காதைக் கழட்டிப்போட்டு மற்றதின் சத்தத்தைக் கூட்டுற பழக்கம்தான் ஆபத்து. 100 டெசிபெலில ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம்தான் பாதுகாப்பான அளவு.

ஆனால் கிளிக் வந்தால் ட்ராக்கும் வரும். ட்ராக்கில வயலினும் குழலும் இருந்தால், வயலின்காரரையும் குழல்காரரையும் ஏன் கூப்பிட வேணும் எண்டு ஏற்பாட்டாளர் கேட்பார். இதுக்கு எங்களிட்ட மறுமொழி இல்லை. காசுக் கணக்கில அவர் சொல்லுறது சரி. பத்துப்பேர் நிண்ட மேடையில நாலுபேர் நிக்கிறதுக்கு அந்தக் கணக்குத்தான் காரணம். அதோட, சனம் 'வன்ஸ்மோர்' எண்டு கத்தினால் பழைய கோஷ்டி பல்லவியைத் திருப்பி எடுக்கும். ட்ராக் எடுக்காது, அது இடையிசைக்குப் போய்விடும்.

இதுக்குத் தொழில்நுட்பத்திலயே வழி இருக்கு. பாட்டை ஒரே கோப்பாக ஓடவிடாமல் பல்லவி, சரணம் எண்டு துண்டாக வெட்டி, கால் சுவிட்ச் மிதிக்கும் வரைக்கும் அந்தத் துண்டே சுத்திக்கொண்டிருக்கச் செய்யலாம். ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்கள் 2001இலயிருந்தே இதுக்கெண்டு இருக்கு. மிதிக்கிற கால் ட்ரம்மரின்ரயாக இருந்தால், சனம் கேட்கிற வரைக்கும் பல்லவி போகும்.