உப்பு விலையில் ஒரு வரவுசெலவுக் கணக்கு

திருக்கனூரிலிருந்து சற்றுத் தொலைவு நடந்தாலே விழுப்புரம் மாவட்டத்து மண் வந்துவிடும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அது இரண்டு வல்லரசுகளின் எல்லை. நில எல்லையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்த எல்லையைக் கடந்த ஒரு கணக்கைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு கும்பினியாரின் தனியுரிமை. 1815ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று இங்கிலாந்தும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. உப்பு, அபின் வணிகங்களில் பிரெஞ்சுக்காரர் தம் உரிமைகளைக் கட்டுப்படுத்திக்கொள்ள, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவதாகப் பேச்சு. 1818இல் செய்த மற்றோர் உடன்படிக்கையால் புதுச்சேரி, காரைக்கால் உப்பளங்களில் உப்பு விளைவிப்பதே நின்றது. உப்பளக்காரர்களுக்கான நட்டஈடு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கொண்டால் 14,000 ரூபாய்.

இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். தொழிலை இழந்தவர்களுக்கு 14,000. உரிமையை விட்டுக்கொடுத்த அரசுக்கு 4 லட்சம். அந்த 4 லட்சமும் புதுவைக்கு வரவில்லை. ஏறத்தாழ 10 லட்சம் பிராங்க்காக, 'இந்திய வருவாய்' என்ற பெயரில், பிரான்சின் வரவுசெலவுத் திட்டத்தில் வரவாயிற்று. புதுவையின் செலவுக்கு நிலவரியும் சாராயம், கள் வரிகளும் இருந்தன.

உடன்படிக்கையில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிரெஞ்சு அரசு தன் குடிகளுக்கு வேண்டிய உப்பைக் கும்பினியிடம் அடக்கவிலைக்கு வாங்கி, சுற்றுப்புறக் கும்பினி நிலத்தில் விற்கும் விலையை ஒட்டியே விற்க வேண்டும். ஆக, எல்லையோரத்துக் குடியானவன் கஞ்சிக்கு இட்ட உப்பின் விலையைச் சென்னை தீர்மானித்தது. அவன் மண்ணின் உப்புரிமைக்கான பணத்தைப் பாரிசு செலவிட்டது. இரு கணக்கிலும் அவனுக்குக் குரல் இல்லை.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1963இல் புதுவை ஒன்றியப் பகுதியாயிற்று. இன்று சட்டமன்றம் இருக்கிறது, ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டமும் படிக்கப்படுகிறது. ஆயினும் வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் வரம்பில் மாநிலங்களே வருகின்றன; புதுவை மத்திய அரசின் மானியத்தை எதிர்நோக்குகிறது. அன்றைய அநீதியும் இன்றைய ஏற்பாடும் ஒன்றல்ல. ஆனால் வரி கொடுப்பவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நம் பெயரில் எழுதப்படும் வரவு யாருடைய ஏட்டில் ஏறுகிறது?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். உப்பளத்தை இழந்தவர்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.